பேட்ஜும் பூவும் ஒரே குற்றமா?

கேள்வி: வக்கீலம்மாவுக்கு வணக்கம். நாங்கள் கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மகளுக்கு வயது 13, அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் எட்டாவது படிக்கிறாள். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து கணக்குக்கு ஆள் இல்லை. அப்புறம் தினக்கூலிக்கு ஒரு டீச்சர் வந்தார். தங்கமான மனுஷி, ஆனால் தமிழ் தெரியாது. போன திங்கட்கிழமை இவளும் இன்னும் பத்துப் பிள்ளைகளும் ‘எங்களுக்குத் தமிழில் கணக்கு வேண்டும்’ என்று எழுதின பேட்ஜை யூனிபார்மில் குத்திக்கொண்டு போய்விட்டார்கள். அசெம்பிளியில் கழற்றச் சொன்னதும் மற்றவர்கள் கழற்றிவிட்டார்கள், இவள் கழற்றவில்லை. ஹெச்.எம். அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு இரண்டு பீரியட் வெளியே நிறுத்தியிருக்கிறார். தலையில் வைத்திருந்த பூவையும் எடுக்கச் சொன்னார்களாம். இப்போது ‘யூனிபார்ம் விதியை மீறினேன், இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன்’ என்று மன்னிப்பு எழுதி நானும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் ‘எழுதிக் கொடுத்துத் தொலை’ என்கிறார். இவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. யூனிபார்ம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவே இல்லை. நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த டி.சி. பயத்தை இறக்கி வையுங்கள். மகள் எட்டாவது என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒரு சொல் போதும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் தொடக்கக் கல்வி என்றால் ஒன்றாவது முதல் எட்டாவது வரை. நம் பக்கம் எட்டாவதை ஹைஸ்கூலோடு சேர்த்து வைத்திருப்பதால், டீச்சர்மார் உட்படப் பலரும் அந்தச் சட்டம் ஏழாவதோடு முடிந்துபோனது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. எட்டாவது முடிக்கும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது 16ஆம் பிரிவு. ‘நீங்களே டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்’ என்பது இதைத் தாண்டிக் குதிக்கிற வேலை. நீங்கள் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டால், ‘பெற்றோர் கேட்டார்கள், கொடுத்தோம்’ என்று ஃபைலில் உட்கார்ந்துவிடும். அதனால் டி.சி. கேட்டு எதையும் எழுதாதீர்கள். வாயால் சொன்னால் சொல்லிக்கொண்டு போகட்டும்.

அடுத்த பிரிவு 17. பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனம் நோகும்படி வதைக்கவும் கூடாது. இரண்டு பீரியட் வெளியே நிறுத்தினது இதில் வருமா என்றால், வரும் என்றுதான் நான் வாதாடுவேன். ஆனால் அதை இன்றைக்கே புகாராக்கச் சொல்லமாட்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இனி யூனிபார்ம். உங்கள் கடிதத்தில் மூன்று விஷயம் ஒன்றாகப் பின்னிக் கிடக்கிறது: துணி, பூ, பேட்ஜ். ஹெச்.எம். மூன்றையும் ‘யூனிபார்ம் விதி’ என்கிற ஒரே பையில் போட்டுவிட்டார். நீங்களும் அப்படியே ஒத்துக்கொண்டுவிட்டீர்கள். அதைப் பிரித்து எடுத்துவிட்டால் உங்கள் பாதிக் குழப்பம் தீரும்.

துணியைப் பற்றிச் சண்டை வேண்டாம். பள்ளி யூனிபார்ம் வைக்கலாம், அதைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லலாம். உங்களுக்கும் அதில் மனத்தாங்கல் இல்லை. எனக்கும் யூனிபார்ம் பிடிக்கும். தீபாவளிக்கு மறுநாள் வகுப்பில் யாருக்குப் புதுத்துணி, யாருக்கு இல்லை என்பது தெரியாமல் போவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் யூனிபார்ம் என்பது மேலிருந்து இறங்கி வந்த வேதமும் இல்லை. நான் பத்தாவது படித்தபோது எங்கள் பள்ளியில் கருநீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி. ஆடி மாதத்துச் சாரலில் வெள்ளைத் தாவணி நனைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பஸ் ஸ்டாப்பிலிருந்து வகுப்பு வரைக்கும் புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வருவோம். சாரல் பட்டுப் பை அட்டை ஊதிப்போயிருக்கும். அடுத்த வருடம் நாலைந்து அம்மாக்கள் பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் சங்கம்) கூட்டத்தில் எழுந்து நின்று கேட்ட பிறகுதான் சுடிதார் வந்தது. எந்தக் கோர்ட்டும் அதைக் கொண்டுவரவில்லை. எறணாகுளம் மாவட்டம் வளையன்சிறங்கரை அரசு எல்.பி. (தொடக்கப்) பள்ளியில் 2018இல் ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் முக்கால் கால்சட்டை என்று கொண்டுவந்தார்கள். கோழிக்கோடு பாலுசேரி அரசு மேல்நிலைப் பள்ளியில் 2021 டிசம்பரில் பேண்ட்டும் சட்டையும் வந்தது. அதற்கு ஆதரவும் எதிர்ப்பும் கிளம்பி, கடைசியில் 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், இப்படித்தான் உடுத்த வேண்டும் என்று அரசு யாரையும் கட்டாயப்படுத்தாது என்றார். அதாவது, உங்கள் பள்ளி யூனிபார்மை முடிவு செய்வதில் பி.டி.ஏ.வுக்குப் பங்கு உண்டு. பி.டி.ஏ. என்றால் நீங்களும்தான். கடைசியாக எப்போது கூட்டத்துக்குப் போனீர்கள்?

பூ விஷயத்தை அங்கேதான் பேச வேண்டும். நம் ஊரில் பெண்பிள்ளை தலையில் கனகாம்பரமோ மல்லிகையோ இல்லாமல் வெளியே இறங்கினால் பாட்டிமார் ‘என்ன இப்படிப் பொலிவில்லாமல்’ என்பார்கள். பத்து மைல் மேற்கே போனால் தினம் பூ வைத்துக்கொண்டு பள்ளிக்கு வருவது கொஞ்சம் விசேஷமாகத் தெரியும். ஹெச்.எம். அந்தப் பக்கத்துக்காரராக இருந்தால், அவர் கண்ணுக்கு அது அலங்காரம், உங்கள் கண்ணுக்கு அது தலைவாரினதின் மிச்சம். இதில் கெட்ட எண்ணம் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. கொலுசு என்றால் சத்தம் என்றாவது ஒரு காரணம் சொல்லலாம், பூவுக்கு என்ன காரணம் என்று கூட்டத்தில் கேளுங்கள். தமிழ் மீடியம் அம்மாக்கள் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் அது அங்கேயே முடிகிற பேச்சு.

கோர்ட்டுக்கு மட்டும் இதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 2018 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்துக்கு இரண்டு மாணவிகளின் வழக்கு வந்தது. முக்காடும் முழுக்கைச் சட்டையும் போட அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். அது தனியார் நிர்வாகம். தனி ஒருவரின் விருப்பத்தைவிட நிறுவனத்தின் பொது நலனே மேலானது என்று தீர்ப்பாயிற்று. அரசுப் பள்ளிகளில் முக்காடு போடலாமா என்கிற கேள்வி கர்நாடகத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போனது. 2022 அக்டோபர் 13இல் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு பக்கம் எழுதி, பெரிய அமர்வுக்குப் போகட்டும் என்று அனுப்பினார்கள். மத நம்பிக்கை சார்ந்த முக்காட்டுக்கே இத்தனை இழுபறி என்றால், ஒரு முழம் மல்லிகைக்காக உங்கள் பெண்ணைச் சாட்சிக் கூண்டுப் பக்கம் நிறுத்த எனக்கு மனம் வராது.

பேட்ஜ் வேறு சங்கதி. அதில் நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதுதான் என் அபிப்பிராயம்.

பூ அழகுக்கு. பேட்ஜ் ஒரு வாக்கியம். அதில் எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, ஒரு கோரிக்கை இருக்கிறது. யூனிபார்ம் விதி பாவாடையின் நிறத்தைச் சொல்லலாம், நீளத்தைச் சொல்லலாம். பிள்ளை எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதை அந்த விதிக்குள் ஒளித்து வைக்க முடியாது. அரசியல் சட்டம் 19(1)(ஏ) பிரிவில் கருத்துச் சொல்கிற உரிமையைத் தருகிறது. எதற்காகவெல்லாம் அதைக் கட்டுப்படுத்தலாம் என்று 19(2)இல் எண்ணி எண்ணி எழுதி வைத்திருக்கிறது: நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, ஆபாசம், அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, குற்றத்துக்குத் தூண்டுவது, இந்த மாதிரி. ‘ஹெச்.எம்.முக்குச் சங்கடம்’ என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

இதற்கு உச்ச நீதிமன்றம் கொடுத்த பெரிய தீர்ப்பே ஒரு கேரளப் பள்ளியிலிருந்து போனதுதான். 1985 ஜூலையில் கோட்டயம் மாவட்டத்தில் அண்ணன், தங்கைகள் மூன்று பேரைப் பள்ளியை விட்டு நீக்கினார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற சபையைச் சேர்ந்த பிள்ளைகள். அசெம்பிளியில் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் பாடமாட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 1986 ஆகஸ்ட் 11இல் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பில் வென்றார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்பார்கள். பாடாமல் நிற்பதும் கருத்துரிமைக்குள் வரும் என்றது அந்தத் தீர்ப்பு. உங்களுக்கு அதைவிட உதவுகிற இன்னொரு வரியும் அதில் உண்டு: அடிப்படை உரிமையைத் தடுக்க வேண்டுமானால் அதற்குச் சட்டத்தின் பலம் வேண்டும், கல்வித்துறை அனுப்பின வெறும் சர்க்குலர் போதாது. சர்க்குலரே போதாது என்றால், மைக்கில் சொன்ன வாய்மொழி உத்தரவை எங்கே வைப்பது?

‘அது பாடாமல் நின்ற கதை, இது பேட்ஜ்’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து சொல்வார். சொல்லட்டும். திருநங்கையர் உரிமை பற்றிய 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பில், உடுத்துகிற உடையும் 19(1)(ஏ)வின் கீழ் ஒரு வெளிப்பாடுதான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இப்படி ஒவ்வொரு படியாக ஏறித்தான் பேட்ஜுக்கு வர வேண்டும். நேர் ஏணி என்று உங்களுக்கு ஆசை காட்டமாட்டேன்.

பேட்ஜ் வழக்கு அப்படியே நடந்தது அமெரிக்காவில். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள், அவள் வயதுக்காரிதான். 1965 டிசம்பர், அயோவா மாநிலம், டெமாய்ன் நகரம். வியட்நாம் போரில் இறந்தவர்களுக்குத் துக்கமாகக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு போனாள் மேரி பெத் டிங்கர், வயது 13. பள்ளி அவளையும் இன்னும் சிலரையும் சஸ்பெண்ட் செய்தது. 1969 பிப்ரவரி 24இல் அங்கத்திய உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் பிள்ளைகள் பக்கம் நின்றது. பாடம் நடக்க முடியாதபடி பெரிய இடைஞ்சல் வரும் என்று காட்டினால் தடுக்கலாம், வரலாம் என்கிற வெறும் பயம் போதாது என்றது. இன்னொன்றையும் நீதிபதிகள் கவனித்தார்கள்: அதே ஊர்ப் பள்ளிகளில் தேர்தல் பேட்ஜ் குத்தினவர்களை யாரும் கேட்கவில்லை. போர் பற்றின இந்தப் பட்டைக்கு மட்டும் விதி முளைத்தது.

அந்தத் தீர்ப்பு நம் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்தக் கடைசிக் கேள்வியை நீங்கள் கடன் வாங்கலாம். உங்கள் பள்ளியில் பள்ளிப் பாராளுமன்றத் தேர்தலுக்குப் பிள்ளைகள் பேட்ஜ் குத்துவதில்லையா? போதை ஒழிப்பு நாளுக்கு? டி.ஏ. (அகவிலைப்படி) பாக்கிக்காகச் சட்டையில் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு பாடம் எடுத்த மாஷ்மாரை நான் படித்த காலத்திலேயே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு யூனிபார்ம் கெடவில்லை.

சரி, பள்ளி எதையுமே தடுக்கக் கூடாதா? கூடும். எல்லைக்கு அந்தப் பக்கம் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள், வெட்டினவர்களும் மாணவர்கள். அதன்பின் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டுகிற வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் பள்ளிக்குள் வேண்டாம் என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. அதை நான் மனதார ஆதரிக்கிறேன். அந்தக் கயிறும் ஏதோ பேசத்தான் செய்கிறது, ஆனால் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையைப் பார்த்து ‘நீ எனக்குக் கீழே’ என்று பேசுகிறது. உங்கள் மகளின் பேட்ஜ் பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கும் சேர்த்துக் கணக்கு டீச்சரைக் கேட்கிறது. இரண்டையும் ஒன்றாக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. பேட்ஜ் பரவாயில்லை, ஆனால் வகுப்பைப் புறக்கணிப்பது, ஆபீஸ் ரூம் வாசலில் மறியல், அதெல்லாம் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். மற்ற மாணவர்களின் படிப்பைத் தடுக்கிற எந்தப் போராட்டமும் வளாகத்துக்குள் கூடாது என்று 2020 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டினால் இதுவரை நான் எழுதினது எதுவும் உதவாது.

இனி கடிதம். அவர்கள் கேட்கிற வாசகத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘விதியை மீறினேன்’ என்றால் எந்த விதி என்று யாரும் காட்டவில்லை. ‘இனிமேல் செய்யமாட்டேன்’ என்றால் இனிமேல் எதையுமே கேட்கமாட்டேன் என்று ஆகிவிடும். ஆனால் எதுவும் எழுதாமல் வீம்பாக நிற்கவும் வேண்டாம். அசெம்பிளியில் எல்லார் முன்னாலும் ஹெச்.எம். சொல்லியும் கழற்றாமல் நின்றது அவருக்கு நெருடியிருக்கும். முந்நூறு பிள்ளைகளை மேய்க்கிறவர் அவர். அந்த இடத்தில் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் எழுதிக் கேட்டிருக்கலாம். அதை மட்டும் ஒத்துக்கொள்ளலாம். இப்படி எழுதுங்கள்:

‘ஹெச்.எம். அவர்களுக்கு வணக்கம். திங்கட்கிழமை அசெம்பிளியில் என் மகள் நடந்துகொண்ட விதம் தங்களுக்கு வருத்தம் தந்திருந்தால் அதற்காக வருந்துகிறோம். அவள் குத்தியிருந்த பேட்ஜில் யாரையும் குறை சொல்லவில்லை. தமிழ் மீடியம் எட்டாம் வகுப்புக்குத் தமிழில் கணக்கு எடுக்க ஆசிரியர் வேண்டும் என்பது எங்கள் கோரிக்கையும்தான். பேட்ஜ் அணியக் கூடாது என்று பள்ளி விதி இருந்தால் அதன் நகலைத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். மகள் தொடர்ந்து இதே பள்ளியில் படிக்க விரும்புகிறாள்.’

கீழே தேதி, உங்கள் கையெழுத்து. இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றில் ஆபீஸ் சீல் போட்டு வாங்கி வந்துவிடுங்கள். ‘சீல் எதற்கு, நாங்கள் இல்லையா’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே நின்று வாங்குங்கள்.

தமிழிலேயே எழுதலாமா என்று தயங்க வேண்டாம். குறை தீர்க்கக் கோரும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்குகிற எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டம் 350ஆம் பிரிவிலேயே இருக்கிறது. 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினரை மனதில் வைத்தே எழுதப்பட்டது. நம் சித்தூர் வட்டம் 1949க்கு முன்னால் கொச்சி ராஜ்யத்துத் துண்டாக இருந்த காலத்திலிருந்தே இங்கே தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், நேற்று பஸ் ஏறி வந்தவர்கள் இல்லை.

இப்போது, 17ஆம் பிரிவுப் புகாரை ஏன் நிறுத்தி வைக்கச் சொன்னேன் என்றால், உங்கள் மகளுக்கு வேண்டியது ஹெச்.எம்.முக்கு மெமோ இல்லை, கணக்கு டீச்சர். அந்தச் சண்டையில் ஹெச்.எம். உங்கள் பக்கம் வரக்கூடிய ஆள். போஸ்டிங் போடுவது அவர் கையில் இல்லை. ஆள் கேட்டு அவரும் மேலே எழுதியிருப்பார், பதில் வராமல் அவரும் எரிச்சலில் இருப்பார். கல்வி உரிமைச் சட்டம் 26ஆம் பிரிவுப்படி ஒரு பள்ளியில் ஆசிரியர் காலியிடம் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் பள்ளியில் தமிழ் மீடியத்துக்கு எத்தனை போஸ்ட், எத்தனை காலி, ஹெச்.எம். எந்தெந்தத் தேதியில் மேலே எழுதினார் என்று டி.இ.ஓ. (மாவட்டக் கல்வி அதிகாரி) ஆபீசுக்கு ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்கள். பத்து ரூபாய்தான், 30 நாளில் பதில் தர வேண்டும். இதை மட்டும் மலையாளத்தில் எழுதுங்கள், அந்தச் சட்டம் இங்கிலீஷ், இந்தி, வட்டார ஆட்சிமொழி மூன்றோடு நின்றுவிட்டது. எண்கள் கையில் வந்ததும் பதினோரு பெற்றோரும் சேர்ந்து ஜில்லா பஞ்சாயத்துக்கு ஒரு மனு, திருவனந்தபுரத்தில் குழந்தை உரிமைகள் ஆணையத்துக்கு ஒரு மனு. உள்ளாட்சிக்குப் போகிற புகாரை மூன்று மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 32ஆம் பிரிவு சொல்கிறது. இதற்கு நடுவில் டி.சி. பேச்சு மறுபடி வந்தால், அன்றைக்கு 16உம் 17உம் சேர்த்துப் புகார் எழுதலாம். ஒரு வரி எழுதிப் போடுங்கள், நானே எழுதித் தருகிறேன்.

உங்கள் வீட்டுக்காரரிடம் கோபப்படாதீர்கள். ஆபீஸ் என்றாலே கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தால் போதும் என்று பழகினவர்கள் நாம். அவரையே கடிதத்தை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். சீல் வாங்கிவிட்டு வருவார்.

அந்த பேட்ஜ் இப்போது ஹெச்.எம். மேசை டிராயரில் இருக்கும் என்று நினைக்கிறேன். கடிதம் கொடுக்கும்போது அதையும் திருப்பிக் கேளுங்கள், பிள்ளை காசில் வாங்கின சார்ட் பேப்பர்தானே. கிடைத்தால் ஊக்கைக் கழற்றாமல், பின்னால் தேதி எழுதி, அவளுடைய கணக்கு நோட்டிலேயே வைத்துவிடுங்கள்.